கப்பல் பயணத்தில் டிப்ஸ்: முன்பே கட்டுவதா, கப்பலில் கட்டுவதா, கையில் கொடுப்பதா?

சிங்கப்பூரில் இருந்து நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்காக இரண்டு ஏஜென்ட்டுகளிடம் விலை கேட்டிருந்தோம். மண்ணடிக்காரர் அனுப்பிய விவரம் தண்டையார்பேட்டைக்காரர் அனுப்பியதைவிட முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் குறைவாக இருந்தது. கப்பல் ஒன்று, தேதி ஒன்று, கேபின் வகையும் ஒன்று. வரி வரியாக ஒப்பிட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. கேபின் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரி ஆகியவற்றுக்குக் கீழே ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு வரி ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. ராயபுரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் அதை வாய்விட்டுப் படித்தபோது அம்மா குறுக்கே கேட்டார்: “இன்னாடா இது, உங்க நைனா ஹார்பர்ல ரிட்டையர் ஆனப்போ குடுத்தாங்களே, அந்த கிராஜுவிட்டியா?”

துறைமுகத்தை நம்பி வாழ்ந்த வடசென்னைக் குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். குறைந்தது ஐந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு, வேலையை விட்டு வரும்போது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர வேண்டியிருந்த பணிக்கொடை அது. கப்பல் கம்பெனிகளோ அதே சொல்லை டிப்ஸுக்கு வைத்திருக்கின்றன. அன்றைக்கு “இது வேறம்மா” என்று சொல்லி முடித்துவிட்டேன். பயணம் போய்வந்து, கப்பலில் கேபின் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது அவனோடு விவரமாகப் பேசிய பிறகு, இரண்டுக்கும் நான் நினைத்த அளவுக்குத் தூரம் இல்லை என்றே படுகிறது. இந்தப் பணத்தை எந்த வழியில் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்காக, இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கம்பெனிகளின் கப்பல்களில் ஒவ்வொரு பயணிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான தொகை தானாகவே கணக்கில் ஏறுகிறது. சிங்கப்பூரில் இருந்து ஓடும் ராயல் கரீபியன் கப்பல்களில் சாதாரண கேபினுக்கு அது 18.50 அமெரிக்க டாலர், சூட் அறைகளுக்கு 21 டாலர். நார்வீஜியன் கம்பெனி சாதாரண கேபினுக்கு 20 டாலர் வாங்குகிறது. இந்தத் தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது: ராயல் கரீபியனில் 2022 செப்டம்பரில் 14.50-லிருந்து 16 ஆனது, 2023 நவம்பரில் 18 ஆனது, அதன்பின் 18.50. குழந்தைக்கும் உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ராயல் கரீபியன் வயது பார்ப்பதில்லை, கைக்குழந்தைக்கும் முழுத்தொகை. கார்னிவல் இரண்டு வயதுக்குக் கீழும் நார்வீஜியன் மூன்று வயதுக்குக் கீழும் வாங்குவதில்லை. நாங்கள் ஐந்து பேர்: அம்மா, நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒரு நாளைக்கு 92.50 டாலர், நான்கு இரவுக்கு 370 டாலர். ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,300 ரூபாய். மண்ணடி விவரத்தில் காணாமல் போயிருந்தது இந்தத் தொகைதான். அவர் பொய் சொல்லவில்லை, “அது கப்பல்ல கட்டிக்கலாம் சார்” என்று கேட்ட பிறகு சொன்னார். ஆனால் கேட்காதவர்களுக்குக் கடைசி நாள் காலையில் கேபின் கதவில் செருகியிருக்கும் பில்தான் சொல்லும். ஆகவே எந்த இரண்டு விலையை ஒப்பிட்டாலும், இந்தத் தொகையைச் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்பதைப் பேசுவதில் பொருளில்லை. கேபினைச் சுத்தம் செய்பவர், அவருக்கு உதவியாளர், சாப்பாட்டு மேசையில் பரிமாறும் வெயிட்டர், உதவி வெயிட்டர் ஆகியோரோடு, நம் கண்ணில் படாமல் ஓட்டல் பிரிவின் பின்கட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்கு போகிறது. எங்கள் தெருப் பையன் சொன்னபடி அவனுடைய மாத வருமானத்தில் நிலையான சம்பளம் சிறு பகுதிதான், இந்தப் பங்குதான் பெரும்பகுதி. வேலைக்கு எடுக்கும்போதே இரண்டையும் கூட்டித்தான் ‘இவ்வளவு கிடைக்கும்’ என்று சொல்லி எடுக்கிறார்கள். அவன் சி.டி.சி. என்ற கடலோடிச் சான்றிதழ் எடுத்து, மருத்துவச் சோதனை முடித்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் போனது அந்தக் கூட்டுத்தொகையை நம்பித்தான். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் தொழிலாளிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது. அதைத் திருப்பிப் படித்தால் அவர்களின் வேலை நாள் எவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்பது தெரியும். வார விடுமுறை என்று முழுநாள் ஒன்று இல்லாமல் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை அப்படியே ஓடுகிறது.

அமெரிக்க வருமான வரித்துறை 2012-இல் வெளியிட்ட ஒரு விளக்கத்தில், ஒரு தொகையை டிப்ஸ் என்று கொள்ள நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: கட்டாயம் இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் விதி அதைத் தீர்மானிக்கக் கூடாது, யாருக்கு என்பதையும் பொதுவாகக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். கப்பலில் தானாக ஏறும் தொகையை இந்த நான்கோடு பொருத்திப் பார்த்தால், அது டிப்ஸைவிடக் கூலிக்குத்தான் நெருக்கமாக நிற்கிறது. ஹார்பர் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவனுக்குக் கூலிக்கும் இனாமுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி பேசியபடி வந்து சேர வேண்டும், இனாம் மனம் இருந்தால் வரும். என் கருத்தெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

முன்பே கட்டுவதையும் கப்பலில் கட்டுவதையும் பணக்கணக்கில் ஒப்பிட்டால், பலர் நினைப்பதுபோல் பெரிய வேறுபாடு இல்லை. சிங்கப்பூரில் இருந்தே புறப்பட்டாலும் அமெரிக்கக் கம்பெனிக் கப்பலுக்குள் எல்லாக் கணக்கும் டாலர்தான். நம் ஊர் கிரெடிட் கார்டில் அந்தக் கணக்கைத் தீர்த்தால், பல வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்காக 3.5 சதவீதம் வாங்குகின்றன, அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். எங்கள் 33,300 ரூபாய்க்கு அது ஏறக்குறைய 1,375 ரூபாய், ஆக மொத்தம் 34,675. ஏஜென்ட்டிடம் முன்பே கட்டினால் கார்டுக் கட்டணம் கிடையாது, ஆனால் அவர் டாலருக்கு 93 ரூபாய் போட்டார், மொத்தம் 34,410. இரண்டுக்கும் இடையில் 265 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்குத் துறைமுக முனையத்தில் காபி குடித்தால் தீர்ந்துபோகும் தொகை. ஏஜென்ட் டாலருக்கு 95 போட்டிருந்தால் கப்பலில் கட்டுவது மலிவாகியிருக்கும், அவ்வளவுதான். அதனால் அன்றைய வங்கி விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்ட்டின் டாலர் விலையைக் கேட்க வேண்டும். அந்தத் தொகையையும் பேக்கேஜில் சேர்த்து வரி போடுகிறாரா என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? ஒன்று, கட்டணம் உயரும் அபாயம். பயணத்துக்கு எட்டு மாதம் முன்பே டிக்கெட் போடுகிறவர் முன்கூட்டியே கட்டிவிட்டால், இடையில் கம்பெனி தொகையை உயர்த்தினாலும் பொதுவாகப் பழைய விலையே நிற்கும். மற்றொன்று, என் பார்வையில் இதுவே முக்கியமானது, கார்டில் பிடித்துவைக்கும் பணம். கப்பலில் ஏறியதும் கார்டைப் பதிவு செய்யச் சொல்வார்கள். செலவாகும் என்று அவர்களாக மதிப்பிடும் தொகையை அவ்வப்போது வங்கியில் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பை மட்டும் குறைக்கும். டெபிட் கார்டைக் கொடுத்திருந்தால் நம் சேமிப்புப் பணமே சில நாள் கைக்கு எட்டாமல் நிற்கும். எங்கள் பக்கத்தில் பலருக்கு இன்னும் டெபிட் கார்டுதான் பழக்கம். அவர்கள் கிராஜுவிட்டியை ஊரிலேயே ரூபாயில் கட்டிவிட்டு, கப்பலில் மற்றச் செலவுக்குக் கவுண்டரில் டாலர் நோட்டாக முன்பணம் செலுத்துவது நிம்மதி. கிரெடிட் கார்டு உள்ளவர், டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு உள்ளவர், பயணம் உறுதியாகாமல் பணத்தை முன்பே முடக்க விரும்பாதவர் ஆகியோருக்குக் கப்பலில் கட்டுவதில் நட்டம் எதுவும் இல்லை.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் அதிகமாக வாக்குவாதம் நடந்தது. பல கப்பல்களில் கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டருக்குப் போய், தானாக ஏறும் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ சொல்ல முடியும். நீக்கிவிட்டு, நமக்கு வேலை செய்தவர் கையில் நேராகக் கொடுத்துவிடலாமே என்பது என் மச்சானின் வாதம். அவர் சொன்ன காரணம் லேசானதல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓட்டல்களும் உணவகங்களும் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. “ஊர்ல ஓட்டல்காரனையே கேக்க முடியாதுன்னு கோர்ட்டு சொல்லிட்ச்சு, கப்பல்காரனுக்கு மட்டும் ஏன் மாமா குடுக்கணும்?” என்றார்.

அவர் கோபத்தில் ஒரு பாதி எனக்கும் உண்டு. விளம்பரத்தில் டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டி, தொழிலாளியின் சம்பளத்தைப் பயணியின் தலையில் தனிவரியாக ஏற்றுவது நேர்மையான விலை சொல்லும் முறை அல்ல. ஆனால் அந்த வரியை நீக்கினால் அடி விழுவது கம்பெனிக்கு அல்ல. எங்கள் தெருப் பையன் இதை எளிமையாக விளக்கினான்: ஒரு கேபின் நீக்கினால் அந்தத் தொகை பங்கிடப்படும் கணக்கிலிருந்து குறைகிறது, கம்பெனி தன் கையிலிருந்து அதை ஈடுகட்டுவதில்லை. சில கம்பெனிகளில், நீக்கியவர் கையில் கொடுக்கும் ரொக்கத்தையும் தொழிலாளி பொதுக்கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆக மச்சான் ‘நேராகக் கொடுக்கிறேன்’ என்று நினைத்துக் கொடுப்பது நேராகப் போய்ச் சேர்கிறதா என்பதே நிச்சயமில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். பந்தியில் இரண்டாவது முறை வடை வைத்தவருக்கும், மாப்பிள்ளை அறைக்குக் காபி கொண்டுவந்தவருக்கும் பெண் வீட்டார் நூறு இருநூறு கொடுப்பார்கள். பின்பக்கம் உட்கார்ந்து விடியற்காலை வரை அண்டா தேய்க்கும் அம்மாவை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அவருக்குச் சேர வேண்டியது சமையல் காண்ட்ராக்ட்டில் சேர்த்துப் பேசினால்தான் சேரும். கப்பலில் கையில் கொடுப்பதை மட்டுமே வழியாக வைத்தால், சிரித்த முகத்தோடு நம் முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கும். நம் பிள்ளை வாந்தியெடுத்த போர்வையைக் கீழ்த்தளத்தில் துவைத்தவருக்குக் கிடைக்காது.

சேவை உண்மையாகவே மோசமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. எங்கள் கேபினில் முதல் நாளே குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்கியது. அன்று மாலையே கவுண்டரில் சொன்னோம். மறுநாள் மதியத்துக்குள் சரியானது. கடைசி நாள் வரை பொறுத்திருந்து கிராஜுவிட்டியை நீக்கியிருந்தால், குழாய் அடைப்போடு தொடர்பே இல்லாத உதவி வெயிட்டரின் வருமானத்தில் கை வைத்திருப்போம். குறை இருந்தால் இரண்டாம் நாளுக்குள் சொல்ல வேண்டும், திருந்தாவிட்டால் அந்தப் பிரிவின் பங்கைக் குறைக்க மட்டும் கேட்க வேண்டும். முழுதாக நீக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாமே டிக்கெட்டில் அடங்கிய கப்பல்கள் நான்காவது வழி. பிரிட்டனின் பி அண்டு ஓ 2019 மே மாதத்தில் தனிக்கட்டணத்தை எடுத்துவிட்டு டிக்கெட்டிலேயே சேர்த்துக்கொண்டது. ரீஜென்ட், சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்விலைக் கப்பல்களிலும் அப்படியே. மனத்துக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், ஆனால் நம் குடும்பங்கள் போகும் விலையில் இவை இல்லை. நம் துறைமுகத்திலேயே, 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்த கோர்டிலியா போன்ற உள்நாட்டுக் கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கணக்கு ரூபாயில் முடிந்துவிடுவதால் டாலர், கார்டு என்ற தலைவலி குறைவு. டிக்கெட் போடும்போதே விலை விவரத்தில் கிராஜுவிட்டி வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தனியாக எச்சரிக்க வேண்டியது பானங்களின் விஷயம். ராயல் கரீபியனில் வாங்கும் பானங்களுக்கும், தனிக்கட்டண உணவகங்களுக்கும், ஸ்பாவுக்கும் 18 சதவீதம் தானாகவே சேர்க்கப்படுகிறது. நார்வீஜியனில் 20 சதவீதம். மேலே சொன்ன தினசரித் தொகைக்குள் இது வராது. பிள்ளைகளுக்கு இரண்டு மாக்டெயில் வாங்கியபோது கொண்டுவந்த சீட்டை நிதானமாகப் பார்த்தேன். விலை, அதன் கீழே 18 சதவீதம், அதன் கீழே மொத்தம், அதற்கும் கீழே ‘அடிஷனல் கிராஜுவிட்டி’ என்று ஒரு வெற்றுக்கோடு, பிறகு கையெழுத்துக்கான இடம். மங்கிய வெளிச்சத்தில், பாட்டுச் சத்தத்தில், அந்த வெற்றுக்கோட்டை நிரப்பியாக வேண்டும் என்று நினைத்துப் பக்கத்து மேசைப் பெரியவர் ஐந்து டாலர் எழுதிக்கொண்டிருந்தார். அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூலி கூலியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, இனாமுக்கு இடம் இல்லையா என்றால், அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. இரவில் வெந்நீர் இல்லாமல் படுக்க மாட்டார். கேபினைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியப் பையன் முதல் நாள் அதை ஒருமுறை கேட்டுக்கொண்டதோடு சரி, அடுத்த மூன்று இரவும் யாரும் சொல்லாமலேயே ஃபிளாஸ்க்கை நிரப்பி, அம்மாவின் கை எட்டும்படி கட்டிலின் சுவர்ப்பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் வைத்துவிட்டுப் போனான். துண்டை யானையாக மடித்து அம்மாவின் தலையணைமேல் உட்காரவைத்தான். “கம்ப்யூட்டர்ல புடிச்சிக்கினா அது புடிச்சிக்கட்டும், இந்தப் புள்ளைக்கு நான் என் கையால குடுக்கணும்” என்று அம்மா சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகவே பட்டது. தினசரித் தொகையை நீக்காமல் விட்டிருந்தால், மேலே கொடுப்பதைத் தொழிலாளி தானே வைத்துக்கொள்ளலாம் என்பதே பொதுவான நடைமுறை.

எவ்வளவு என்பதற்கு விதி கிடையாது. நான்கு இரவுக்கு, கேபின் பார்த்தவருக்குப் பத்திலிருந்து இருபது டாலர், சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்காக வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்டு வாங்கித் தந்த உதவி வெயிட்டருக்குப் பத்து டாலர் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். வசதி இல்லாவிட்டால் கொடுக்காமல் இருப்பதில் குற்றம் இல்லை. அவரது பெயரைக் குறிப்பிட்டுக் கம்பெனியின் கருத்துப் படிவத்தில் நாலு வரி எழுதினால், அடுத்த காண்ட்ராக்ட்டின்போது அதுவும் உதவும் என்று எங்கள் தெருப் பையன் சொன்னான். கொடுப்பதானால் டாலர் நோட்டாக இருக்கட்டும். ரூபாயை அவர் எந்த ஊரில் போய் மாற்றுவார்? சில்லறைக் காசையும் எந்தக் கவுண்டரும் வாங்குவதில்லை. பாரிமுனையில் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் கேட்டால் முதலில் நூறு டாலர் தாளைத்தான் நீட்டுவார்கள். ஐந்தும் பத்தும் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: தினசரித் தொகையை ஏஜென்ட்டிடம் ரூபாயில் முன்பே கட்டினோம், தனியே ஐம்பது டாலரைச் சில்லறை நோட்டாக எடுத்துப் போனோம். எங்களைப் போல வயதானவர்களும் பிள்ளைகளுமாகப் போகும் குடும்பத்துக்கு இதையே சொல்வேன். இருவர் மட்டும் போகும் இளம் தம்பதி, கிரெடிட் கார்டு வைத்திருந்தால், கப்பலிலேயே கட்டிக்கொள்ளலாம்.

கையில் கொடுப்பதைக் கடைசி நாள் காலைக்குத் தள்ளிவைக்கக் கூடாது. அன்று காலை கேபின் பார்ப்பவர் மதியம் வரும் அடுத்த பயணிகளுக்காக அறைகளைத் தயார் செய்ய ஓடிக்கொண்டிருப்பார், நம்மைக் கண்டுகொள்ளவும் நேரம் இருக்காது. முந்தின இரவு, பெட்டிகளில் சீட்டு ஒட்டி வாசலில் வைப்பதற்கு முன், அவர் வரும் நேரம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். அம்மா அன்று எட்டரை மணிக்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் தடவிய மொய்க்கவரில் இருபது டாலரை வைத்து மடியில் வைத்தபடி காத்திருந்தார்.